எட்டாம் எண் முள்ளில் பிள்ளைப்பூச்சி

“இது சாப்பாட்டு மேசை, அக்கா. பிணவறை இல்ல!”

“கத்தாதடா. ஜன்னல் திறந்திருக்கு.”

“திறந்தே இருக்கட்டும்! எதிர்வீட்டு தையல்காரம்மாவுக்கும் தெரியட்டும். மனுஷன் தட்டு வைக்கற எடத்துல மீன் குடல விரிச்சு வெச்சிருக்க. ஊர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்கள மாதிரி ஒவ்வொண்ணா தூக்கி நலம் விசாரிக்கற!”

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். எந்திரத்தின் மிதியிலிருந்து அவர் காலை எடுத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. ஊசி ஒரு சட்டைக் காலரில் குத்தியபடி நிற்க, காது மட்டும் தெருவைக் கடந்து போயிருந்தது.

“இங்க பாரு. இந்த சாசர பாரு. நாப்பது நாளா ஒரு துளி மழை இல்ல. மீன் வயித்துக்குள்ள இவ்வளவு சிவப்பு மண்ணு எங்கேர்ந்து வந்துது?”

“எனக்கெப்படி தெரியும்? நான் அது கூட உக்காந்து சாப்பிட்டேனா? அதுக்காக பன்னெண்டு நாள்ல இருக்கற கல்யாணத்த நிறுத்துன்னு சொல்லுவியா?”

“கல்யாணத்த யாருடா நிறுத்த சொன்னா? அந்த வீட்டுல எம்பொண்ணு படுக்கக்கூடாது. அவ்வளவுதான். அந்த கரைக்கு கீழ ஒரு ராத்திரி கூட படுக்கக்கூடாது.”

இதைக் கேட்டதும் தையல்காரம்மா மிதியை மறுபடி அழுத்தினார். மாலைக்குள் தெருமுழுக்கச் சொல்லவேண்டிய விஷயம். சட்டையை முடித்தாக வேண்டும்.

சாசரைக் கையில் பிடித்து நின்றவளை எல்லோரும் இறகுக்காரி என்பார்கள். தலைமுடியில் ஒரு சேவல் இறகாவது ஒட்டாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. கத்தியவன் அவள் தம்பி. கீழே தூண்டில் கடை அவனுடையது. மாடியில் சமையலறை மேசையில் ஓர் இடுக்கியைத் திருகி வைத்து, கடைக்கு வேண்டிய பொய் ஈக்களைக் கட்டுவது அவள் வேலை. கணவன் இறந்து கைக்குழந்தையோடு வந்தவள். அந்தக் குழந்தை இப்போது தபால் அலுவலகத்தில் பார்சல்களுக்கு எடை போடுகிறது.

பொய் ஈ என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. அந்த ஆற்றில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனை உயிர்ப்புழு கோத்துப் பிடிக்க அனுமதி இல்லை. தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றிப் பூச்சிபோலச் செய்து வீச வேண்டும். மீன் அன்றைக்கு எதைத் தின்கிறதோ அதைப் போலவே இருந்தால் வாயைத் திறக்கும். இல்லாவிட்டால் மாமனார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். ஆகவே ஈயைக் கட்டுவதில் பாதி வேலைதான் இருக்கிறது. எந்த ஈ என்று சொல்வதில்தான் மீதி.

அதில் இறகுக்காரியை அடிக்க ஆள் இல்லை. பதினோரு வருடத்தில் இரண்டே இரண்டு தடவை தவறியிருக்கிறாள். அந்த இரண்டையும் தெரு இன்னும் தேதியோடு சொல்லும். அவளுடைய வழி எளிது. தெருமுனைப் பல் டாக்டர் சனிக்கிழமை பிடிக்கும் மீன்களின் வயிற்றை மட்டும் அறுத்து, ஒரு மருந்துப் பாட்டிலில் போட்டு, பிடித்த இடத்தையும் தேதியையும் தன் கோழிக் கிறுக்கலில் எழுதி ஒட்டி அனுப்புவார். அவர் கழித்துப்போட்ட பல் கொக்கியாலும் இடுக்கியாலுமே இவள் அதைத் திறப்பாள். வெள்ளை சாசரில் தண்ணீர் ஊற்றி உள்ளேயிருப்பதை மிதக்கவிடுவாள். கல்லுக்கடியில் வளர்ந்து, ஒரு மாலை பறந்து, அன்றே செத்துப்போகும் ஒருநாள் பூச்சி இருந்தால் ‘சாம்பல்காரி’ என்ற சிறிய ஈ. மணலை ஒட்டிக் கூடு கட்டும் புழு இருந்தால் ‘கோட்டுக்காரன்’. ஒன்றுமே புரியாவிட்டால் ‘மாமியார்’: கறுப்பாக, பெரிதாக, மயிர் சிலிர்த்துக்கொண்டு, தண்ணீரில் சத்தத்தோடு விழும். பயத்திலாவது ஒரு மீன் கடிக்கும் என்பது நம்பிக்கை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த சாசரில் ஒரு பிள்ளைப்பூச்சி மிதந்தது.

பிள்ளைப்பூச்சி ஈர மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருப்பது. ஆற்றுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அடுத்த பாட்டிலில் நாலு. அதற்கடுத்ததில் வயிறு வெடிக்கும் அளவுக்கு. எல்லாப் பாட்டிலிலும் டாக்டரின் கிறுக்கல் ஒன்றுதான்: வாய்க்கால் முனை.

இறகுக்காரி என்ன செய்தாள்? துள்ளிக் குதித்தாள். பெரிய அளவான எட்டாம் எண் முள்ளை எடுத்து, பழுப்புக் கம்பளி நூலைத் தடியாகச் சுற்றி, முன்பக்கம் அந்தப் பூச்சியின் தோண்டும் கைகளைப் போல இரண்டு இறகுத் துண்டுகளைக் கத்தரித்து வைத்தாள். வாய்க்கால் முனையில் அது விழவேண்டியதுதான் தாமதம், மீன்கள் வரிசையில் நின்று கடித்தன. கடையில் பிள்ளைப்பூச்சி வைத்த இடம் தெரியாமல் போயிற்று. தம்பி கண்ணாடியில் எழுதி ஒட்டினான்: ‘எங்கள் கண்டுபிடிப்பு’. அவளுக்கும் அந்த மூன்று வாரம் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

பிறகு பாட்டில்களில் வேறு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மண்புழு. புல்வேரைத் தின்னும் கொழுத்த வெள்ளைப் புழு. ஒரு முழுப் பூரான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சண்டை வந்த காலை, வயிற்றைத் திறந்ததுமே சாசர்த் தண்ணீர் செக்கச்சிவந்துவிட்டது. ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். விரலில் தேய்த்தாள். மண்.

அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் கரிய மண். சிவப்பு மண் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் குளத்துக்காரர் மலைச்சரிவில் மீன் வளர்க்கக் குளம் வெட்டியபோது, கரை போட வெளியிலிருந்து ஒரு மாதம் லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்தார். தெருவில் புழுதி பறந்து, அந்த மாதம் தையல்காரம்மா தைத்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ரோஜா நிறம். அவர் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

குளத்தின் கரையடியிலிருந்து ஒரு வாய்க்கால் இறங்கி ஆற்றில் சேர்கிறது. சேரும் இடம்தான் வாய்க்கால் முனை. கரைக்குள் தண்ணீர் புகுந்து, அங்கே குடியிருந்ததையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் ஈரம் தாங்காமல் ஓடியவை, பிறகு ஓட முடியாதவை, கடைசியில் மண்ணே. மூன்று வாரமாக மீன் வயிறு அவளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கடைக்கு வந்த ஆர்டராக எடுத்து, நூல் சுற்றி, டஜன் டஜனாக விற்றிருக்கிறாள்.

அந்தக் கரைக்குக் கீழே, சமையலறைச் சுவருக்கும் புல் சரிவுக்கும் இடையில் பத்தடி கூட இல்லாமல், குளத்துக்காரர் தன் மகனுக்குப் புதுவீடு கட்டியிருந்தார். அந்த மகனுக்குத்தான் இவள் மகளைப் பேசி முடித்திருந்தது.

சண்டை முடிந்த மறுநாளே இறகுக்காரி அங்கே போனாள். புதுவீட்டு ஜன்னலில் மகள் தைத்து மாட்டிய மஞ்சள் திரை ஆடிக்கொண்டிருந்தது. மேலே சரிவில் புல்லெல்லாம் வெயிலில் காய்ந்து வைக்கோலாகக் கிடந்தது. அடியில் மட்டும், ஒரு கட்டில் அகலத்துக்கு, கண்ணைப் பறிக்கும் பச்சை. செருப்புக் காலை வைத்தாள். அமிழ்ந்தது. எடுத்தாள். பள்ளம் மெதுவாக நிறைந்தது. வாய்க்காலில் கையை விட்டு ஒரு உள்ளங்கை நீரை அள்ளிப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது, நடுவில் ஒற்றை நூல் மாதிரி சிவப்பு ஓடியது.

குளத்துக்காரர் நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். தேநீர் கொடுத்தார், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதிலும் முதலில் வரவேண்டும் என்ற ஒரு வியாதி மட்டும் உண்டு, பேருந்தில் ஏறுவதில்கூட.

“எட்டு வருஷமா நிக்குது சம்பந்தி. இஞ்சினியர் குடுத்த கடிதம் அதோ, சட்டம் போட்டு மாட்டியிருக்கேன்.”

“அவர் எட்டு வருஷத்துக்கு முன்னால வந்தவர். நான் நேத்து பாத்தேன்.”

“எங்க பாத்தீங்க?”

“மீன் வயித்துல.”

அவர் கொஞ்ச நேரம் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்து பார்த்தார். முடியவில்லை. “கைரேகை பாக்கறவங்கள தெரியும். குடல் ஜோசியம் இப்பத்தான் கேள்விப்படறேன். அதுல மாப்பிள்ளைக்கு ஆயுசு எப்படின்னு போட்டிருக்கா?”

“விளையாடாதீங்க. தண்ணிய கொஞ்சம் எறக்கிட்டு, கரைய தோண்டி பாருங்க. பாதகமில்லன்னா நானே வந்து மன்னிப்பு கேக்கறேன்.”

“எறக்கினா மீன எங்க கொண்டு போய் வைக்க? வர்ற ஞாயித்துக்கிழமை ஆத்துல தூண்டில் போட்டி வேற. முப்பது பேர் வர்றாங்க, எல்லாருக்கும் நம்ம புதுவீட்டு முற்றத்துலதான் சாப்பாடு.” பிறகு குரலை இறக்கினார். “ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. ஒத்த பொண்ணு. விட மனசு வரல உங்களுக்கு. அது தப்பில்ல.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. பாதி உண்மை என்பதால் கூடுதலாக உறுத்தியது.

நகராட்சி அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தாள். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாக மனுவை எழுதிக்கொண்டே வந்து, ‘ஆதாரம்’ என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டார். அவள் மருந்துப் பாட்டிலை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். அவர் பேனாவை மூடினார்.

புதன்கிழமைக்குள் ‘குடல் ஜோசியக்காரி’ என்ற பட்டம் தெருவில் நிலைத்துவிட்டது. வைத்தது யார் என்று தையல்காரம்மாவிடம் கேட்டால், தெரியாது என்று சத்தியம் செய்வார்.

மகளிடம் பேசியதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

“மொத மாப்பிள்ளைக்கு காது பெரிசுன்ன. ரெண்டாவது ஆளு சாப்பிடும்போது சத்தம் போடறான்னு சொன்ன. இவர்கிட்ட கொற ஒண்ணும் கெடைக்கலன்னு இப்ப கரைய கொற சொல்றியாம்மா?”

“அந்த ரெண்டும் நான் சொன்னதுதான். தப்புத்தான். இது அப்படி இல்லடி.”

“ஆபீஸ்ல கவுன்ட்டருக்கு வர்றவங்கல்லாம் என் வயித்தயே பாக்கறாங்க. ‘உங்கம்மா என்ன சொன்னாங்க, பொண்ணா பையனா’ன்னு கேக்கறாங்க. எனக்கு மானம் போகுது.”

“போகட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் அந்த வீட்டுக்கு போகாத.”

“போட்டிக்கு எடை போடறதே நான்தான். சாப்பாட்டுக்கு எல வைக்கறதும் நான்தான். எப்படிம்மா போகாம இருக்க முடியும்?”

மகள் போய் வெகுநேரம் இறகுக்காரி இடுக்கிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். எடை போடுவது மகள். மீன் எங்கேயோ தராசு அங்கே. மீன் பிடிப்பவர்கள் எங்கேயோ மீன் அங்கே. பிடிப்பவர்கள் எங்கே நிற்பது, எந்த ஈயைப் போடுவது என்று முப்பது பேரும் யாரைக் கேட்பார்கள்? கரையைப் பற்றி அவள் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளும் அதே ஆட்கள், ஈயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னால் மறுபேச்சில்லாமல் கழுத்தளவு தண்ணீரில் இறங்குவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம், தம்பி வெளியே போன நேரத்தில், கடைக்கு இறங்கி மீதமிருந்த நான்கு டஜன் பிள்ளைப்பூச்சிகளையும் மேலே எடுத்து வந்து அடுப்பில் போட்டாள். கம்பளி கருகும் நாற்றம் தெருவைக் கடந்தது. தையல்காரம்மா இரண்டு முறை தும்மி, நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை கடைவாசலில் கூட்டம் நெரிந்தது. ரப்பர்ப் பூட்ஸ், தொப்பி, நீண்ட கோல்கள். வழக்கம்போல அவள் ஒரு முக்காலியில் உட்கார, எல்லோரும் மருந்துச்சீட்டுக்கு நிற்பதுபோல நின்றார்கள். பல் டாக்டர்தான் முதலில்.

“வாய்க்கால் முனைதானே? பிள்ளைப்பூச்சிதானே? ரெண்டு குடுங்க.”

“இல்ல டாக்டர். அது முடிஞ்சு போச்சு. மீனுக்கு சலிச்சு போச்சு. இன்னைக்கு மேல் வளைவு. சாம்பல்காரி, பதினாறாம் எண் முள்ளு.”

“மேல் வளைவா? அது மேல்பக்கம் அரைமணி நடையாச்சே.”

“மீன் நடந்து வராது. நீங்கதான் போகணும்.”

கூட்டம் சிரித்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவள் அறிந்தே பொய் சொன்னாள். முப்பது பேரும் அதை வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டார்கள். தம்பி மட்டும் காலியான டப்பாவைத் தூக்கிக் காட்டிக் கண்ணால் கேட்டான். அவள் கண்ணாலேயே பிறகு என்றாள். போட்டியே மேல் வளைவுக்குப் போகிறது என்று தெரிந்ததும், மகள் தராசையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு வருங்காலக் கணவனோடு முன்னால் நடந்தாள்.

கடைசியாக வந்தவர் குளத்துக்காரர். அவருடைய தொப்பியின் பட்டையில், போன வாரமே வாங்கியது, ஒரு பிள்ளைப்பூச்சி குத்தியிருந்தது. அவள் கட்டியது. முன்கைகள் இரண்டும் விரிந்து, பட்டையைத் தோண்டுவதுபோல.

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “சம்பந்தி, உங்க மொகத்துக்கு பொய் வரல. எல்லாரையும் மேல ஏத்திட்டு நல்ல எடத்த தம்பிக்கு ஒதுக்கறீங்க. சரியா?”

“சத்தியமா இல்ல. ஆனா அது பொய்தான். கரை நிக்காதுங்க. அதுக்குத்தான் எல்லாரையும் அனுப்பறேன். நீங்களும் போயிடுங்க.”

“திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா!” அவர் நிமிர்ந்தார். “நான் முனையிலேயே நிக்கறேன். ஏழு மீன் காட்டறேன் பாருங்க. பரிசு கப்ப உங்க வீட்டு மேசையிலதான் வைப்பேன், அந்த குடல தள்ளி வெச்சிட்டு.”

கையை நீட்டினால் தொப்பியைப் பிடுங்கியிருக்கலாம். அந்த ஈயைப் பறித்து வாய்க்குள் போட்டு மென்றிருந்தால்கூடப் பைத்தியம் என்ற பட்டத்தோடு போயிருக்கும். ஆனால் மாப்பிள்ளையைப் பெற்றவர் தலையில், தெருவே பார்க்க, எப்படிக் கைவைப்பது? அவள் கை முக்காலியின் விளிம்பைவிட்டு எழவில்லை.

மேல் வளைவில் ஒரு மணிநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் கண்ணாடியாகப் போனது. ஆட்கள் முணுமுணுத்தார்கள், மூன்றாவது தவறு என்று தேதியைக்கூட யாரோ சொன்னார்கள். இறகுக்காரி கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து, ஆற்றைப் பார்க்காமல் பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. ஒரு மேகமாவது இருந்தால் பழியைப் போட ஓர் இடம் கிடைக்கும்.

பதினொரு மணி வாக்கில் தண்ணீரின் தோல் பொடிப்பொடியாக உடைந்தது. கல்லுக்கடியிலிருந்து ஒருநாள் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் மேலே வந்து இறகை விரித்தன. சாம்பல் நிறத்தில், அவள் கட்டியவற்றின் அளவிலேயே. மீன்கள் எழும்பின. கோல்கள் வளைந்தன. “பாத்தீங்களா! நான் சொல்லல?” என்று டாக்டர் தானே சொன்னதுபோலக் கூவினார். அவள் சொன்ன பொய் அங்கே மெய்யாகிக்கொண்டிருந்தது. பாராட்டு வர வர அவளுக்குப் பயம்தான் ஏறியது.

பன்னிரண்டு மணிக்கு மகள் தராசைத் துடைத்து வைத்தாள். “நான் கீழ போறேம்மா. எல வைக்கணும். மாமனார் அங்க தனியா இருப்பார்.”

“இன்னும் நாலு பேர் மீன் பிடிச்சிட்டிருக்காங்க. எடை யார் போடறது?”

“மாமனார் வீட்டுக்கு நான் போறத நீ எத்தன நாளைக்கு தடுப்ப?”

“இன்னைக்கு தடுக்கறேன்.”

“கைய விடும்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

விடவில்லை. பார்சல்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய அந்த மணிக்கட்டை, பொடியான பதினாறாம் எண் முள்ளில் நூல் முடியும் விரல்களால் பிடித்திருந்தாள். டாக்டர் ஒரு பெரிய மீனைக் கரையில் போட்டு “எடை! எடை!” என்று கத்தினார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். மீனைத் தட்டில் வைத்தாள். எடைக்கல்லைப் போட்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். இடி இல்லை. எங்கோ ஒரு லாரி ஜல்லியைக் கொட்டுவது போல. கொட்டி முடிய வேண்டிய நேரம் கடந்தும் கொட்டிக்கொண்டே இருந்தது. பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் பறவைகள் மொத்தமாக எழும்பின. மேல் வளைவில் தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை. மீன்கள் அவை பாட்டுக்கு சாம்பல் பூச்சிகளைத் தின்றுகொண்டிருந்தன.

மகள் தாயைப் பார்த்தாள். தராசுத் தட்டில் மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. குளத்துக்காரர் மகன் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தான்.

புதுவீடு இருந்த இடத்தில் செம்மண் சேறு ஒரு நாக்கைப் போல ஆறுவரைக்கும் நீண்டிருந்தது. மஞ்சள் திரை பாலத்தின் கம்பியில் சுற்றிக் கிடந்தது. குளத்துக்காரரைப் பாலத்தின் தூணடியில்தான் எடுத்தார்கள், வெயில் சாய்வதற்குள். கோல் இல்லை, தொப்பி இல்லை. இடுப்பில் கட்டிய கூடையின் மூடி மட்டும் இறுக்கமாகப் பூட்டியிருந்தது. திறந்து பார்த்தார்கள். ஏழு மீன். சொன்ன சொல் தவறாதவர். எல்லாம் நல்ல கனம். அன்றைய பரிசு அவருக்குத்தான் வந்திருக்கும் என்று டாக்டர் தன்னையறியாமல் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊர் இறகுக்காரியைக் கும்பிட்டது. முப்பது உயிரைக் காப்பாற்றினவள் என்றது. ‘குடல் ஜோசியக்காரி’யை அப்படியே மரியாதைப் பட்டமாக மாற்றிக்கொண்டது, செலவில்லாத வேலை. நகராட்சி எழுத்தர் ஒரு மனுப் படிவத்தோடு வந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. சாசரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்துக் குளத்துக்காரர் மகன் மாடிக்கு வந்தான். மேசையில் ஒரு தீப்பெட்டியை வைத்தான்.

“அப்பா சட்டக் கைல குத்தியிருந்துது, அத்தை. உங்களோடது.”

அவள் திறந்தாள். எட்டாம் எண் முள். அவ்வளவு வெள்ளமும் கல்லும் உருட்டியும் ஒரு நூல் பிரியவில்லை, ஒரு இறகு நகரவில்லை. அவள் கட்டியது எதுவும் அவிழ்ந்ததில்லை என்று தம்பி கடையில் பெருமையாகச் சொல்வான்.

“இத போட்டா அங்க மீன் விழும்னு சொன்னதே நான்தான்,” என்றாள். “அவர் தலையில இத பாத்தேன். பிடுங்கல.”

அவன் தீப்பெட்டியை மூடினான். பிறகு மேசையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “குளத்துல தண்ணி ஒரு சாண் எறங்கியிருந்துது, அத்தை. நீங்க வந்து சொல்றதுக்கு முந்தியே. வெயில்னு அப்பா சொன்னார். நானும் சரின்னு விட்டேன்.”

தீப்பெட்டியை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை.

எட்டு மாதம் கழித்து அவனும் மகளும் பதிவு அலுவலகத்தில் நாலு பேரை வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆறோ குன்றோ இல்லாத, தட்டையான ஒரு பெரிய நகரத்துக்குக் குடிபோனார்கள். நாலாம் மாடி, மகள்தான் தேர்ந்தெடுத்தாளாம். அம்மாவைக் கூப்பிட்டாள், அம்மா போகவில்லை. மாதம் ஒரு கடிதம் வருகிறது. பாசமாகத்தான் எழுதுகிறாள், ஆனால் அன்றைக்குக் கையைப் பிடித்ததைப் பற்றி நன்றியாகவோ கோபமாகவோ ஒரு வரிகூட இதுவரை இல்லை. இது தபால்காரர் சொன்னதல்ல. தெருவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது.

தம்பி கடையை ஒரு மிதிவண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டு மனைவியின் ஊரோடு போய்விட்டான். இறகுக்காரி மட்டும் மாடியில் இருக்கிறாள், இடுக்கியைக் கழற்றி எடுத்த நாலு திருகு ஓட்டைகளோடு அந்த மேசையும் இருக்கிறது.

பல் டாக்டர் தையல்காரம்மாவைக் கட்டிக்கொண்டார். இந்த வயசில் என்ன அவசரம் என்று தெரு கேட்டது. அவர் இன்னும் சனிக்கிழமை ஆற்றுக்குப் போகிறார். ஆனால் பிடித்த மீனை, வயிற்றைத் திறக்காமல், அப்படியே ஆற்றில் எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். அந்த அம்மாள் போட்ட ஒரே கல்யாண நிபந்தனை அது.